கேட்கும் உரிமையும் மேற்சபையும்
(கருத்தரங்கத் தலைமை உரை)



பாராளுமன்ற விவாதத்தில் எதிர்க்கட்சியினர் ஆற்றும் பங்கினை ஆராய இக்கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். எதிர்க்கட்சியின் தொண்டைப் பற்றிப் பேசப் புகுவோர் நாவன்மையையே பெரிதும் போற்றிச் செல்வது நெடுநாளைய வழக்கம். அவையை அதிரச் செய்த பிரசங்கங்களும் அமைச்சர்களைத் திணற வைத்த குறுக்கீடுகளும் நினைவில் நிற்க, அந்த விவாதத்திற்குப் பொருள் சேர்த்த தகவல்கள் எங்கிருந்து வந்தன, அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை அவைக்கு ஈட்டிக் கொடுத்தவர் யார் என்பவை மறந்துபோகின்றன. அவ்வுரிமைக்காகவே தம் எதிர்க்கட்சி வாழ்வைச் செலவிட்ட ஒருவரை, ஆஸ்திரேலியாவின் மேற்சபையான செனட் சபையில் 1967 முதல் 1972 வரை தொழிற்கட்சியின் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கிய லயனல் கீத் மர்பியை, இன்று உங்கள் ஆராய்ச்சிக்கு முன்வைக்க விரும்புகிறேன்.

சிட்னி நகரில் 1922ஆம் ஆண்டு பிறந்து, பல்கலைக்கழகத்தில் முதலில் ரசாயனமும் பின்னர்ச் சட்டமும் பயின்று, வழக்கறிஞர் தொழிலில் உயர்நிலை எய்திய மர்பி, 1961ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று மறு ஆண்டு ஜூலையில் செனட்டராகப் பதவியேற்றார். ஆறு மாநிலங்களுக்கும் சரிசமமாகப் பத்துப் பத்துப் பிரதிநிதிகள் என்று அறுபது பேர் அமர்ந்த அச்சபைக்கு, வரி விதிக்கும் மசோதாக்களைத் திருத்தும் அதிகாரம் இல்லையாயினும், எந்த மசோதாவையும் நிராகரிக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தாலேயே அளிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பல்லாண்டுகளாக அச்சபை, கீழ்ச்சபை அனுப்பியதை ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பும் இடமாகவே பெரும்பாலோரால் மதிக்கப்பட்டு வந்தது. இதனினும் வியப்பானது, செனட் சபையையே ஒழித்துவிட வேண்டும் என்பது தொழிற்கட்சியின் கொள்கை அறிக்கையில் அன்று இடம்பெற்றிருந்தது என்பதாகும். ஒழிக்கத்தக்கது என்று தம் கட்சி தீர்மானித்திருந்த சபையை, அது இருக்கும் வரையில் மக்களுக்குப் பயன்படும்படி செய்வதே கடமை என்று கருதி உழைத்தவர் மர்பி.

1967ஆம் ஆண்டு மே மாதத்தில், தபால் தந்திக் கட்டணங்களை உயர்த்தும் மசோதாவைச் செனட் சபை நிராகரித்தது. சபை குளிர்கால விடுமுறைக்குக் கலைந்த பின்னர், அதே கட்டண உயர்வை ஒழுங்குவிதிகள் மூலமாக அரசாங்கம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மசோதாவாக வந்தபோது மறுக்கப்பட்டதைச் சபை இல்லாத வேளையில் விதியாக இயற்றுவது முறையாகுமா என்ற கேள்வியை எதிர்க்கட்சியினர் கண்டன அறிக்கையோடு விட்டுவிடவில்லை. உறுப்பினர்களில் அறுதிப் பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டால் சபையைக் கூட்டலாம் என்ற ஏற்பாட்டைக் கையாண்டு, ஜூன் மாதத்தில் விடுமுறையின் நடுவிலேயே சபையைக் கூட்டச் செய்து, அவ்விதிகளை ரத்துச் செய்தனர். அரசாங்கம் இயற்றும் விதிகளை இரு சபைகளின் முன்னும் வைத்தாக வேண்டும், இரண்டில் ஒன்று மறுத்தாலும் அவை செல்லாதனவாகும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஏட்டில் கிடந்த அந்தச் சட்டத்திற்கு உயிர் இருக்கிறது என்பதை நாடு அன்று கண்டுகொண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்ததைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பிரமுகர்களை ஏற்றிச் செல்லும் ஆகாயப்படை விமானங்களில் யார் யார் பயணம் செய்தார்கள் என்று முந்திய ஆண்டில் கேட்கப்பட்டதற்கு, அத்தகைய பெயர்ப் பட்டியல்கள் வைக்கப்படுவதில்லை என்று பிரதமர் ஹோல்ட் விடையளித்திருந்தார். செனட் சபை அவ்விடையோடு அமைதி கொள்ளவில்லை. ஆவணங்களைச் சபையின் முன் வைக்க வேண்டும் என்றும், தேவையானால் இலாகாச் செயலாளரையே சபைக்கு அழைத்து விசாரிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தல் எழுந்தது. அக்டோபர் 25ஆம் நாள், செனட் சபையின் அரசாங்கத் தரப்புத் தலைவராக இருந்த ஜான் கார்ட்டன், இல்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பயணிகள் பட்டியல்களைச் சபை மேஜைமீது வைத்தார். எத்தனை மணி நேரம் பேசினாலும் நிறுவ முடியாத உண்மையை அந்தக் காகிதக் கட்டு ஒரு கணத்தில் நிறுவிற்று. சபை மேஜைக்கு வரவேண்டியதை வரச் செய்வதே எதிர்க்கட்சியின் முதல் வெற்றி. அதன் பிறகு பேசப்படும் பேச்சுக்குத்தான் கனம் உண்டு.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரு கருத்தை மர்பியின் உள்ளத்தில் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்: தனித்தனிச் சம்பவங்களில் போராடிப் பெறும் தகவலை, நாள்தோறும் முறையாகப் பெறுவதற்குரிய நிலையான அமைப்பு வேண்டும் என்பதே அது. அதன் பயனாக 1970ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அரசாங்கத்தின் பல துறைகளையும் விசாரிக்கத்தக்க ஏழு நிலைக்குழுக்களை அமைக்கும் அவருடைய பிரேரணை, ஒரே ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறிற்று. அரசாங்கத் தரப்பிலிருந்து ஆண்டர்சன் கொணர்ந்த பிரேரணையின்படி, செலவு மதிப்பீடுகளை ஆராயும் ஐந்து குழுக்களும் அன்றே தோன்றின. எதிர்க்கட்சி எழுப்பிய கோரிக்கைக்கு ஆளுங்கட்சியும் தன் வழியில் செவிசாய்த்து மறுமொழி தந்த இந்த நிகழ்ச்சியைப் பாராளுமன்ற வாழ்வின் நற்பேறுகளுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

அதற்கு முன்னெல்லாம் செலவு மதிப்பீடுகளை முழுச் சபையே குழுவாக அமர்ந்து ஆராயும். உறுப்பினர் ஒரு தொகையைப் பற்றி வினவுவார். அமைச்சர், பக்கத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடம் குறிப்பு வாங்கிப் படிப்பார். அடுத்த ஐயம் எழுவதற்குள் நேரம் கடந்துவிடும். குழுக்கள் ஏற்பட்ட பிறகு, இலாகாவின் கணக்கை அறிந்த அதிகாரியே செனட்டர்களுக்கு எதிரே அமர்ந்து, இந்தத் தொகை ஏன், சென்ற ஆண்டினும் இவ்வளவு கூடியது எதனால், ஒதுக்கியதில் செலவிடாது விட்டது எவ்வளவு என்று தொடர்ந்து வரும் வினாக்களுக்கு நேரே விடையளிக்க நேர்ந்தது. நிலைக்குழுக்களின் முன்போ, பொதுமக்களும் நிபுணர்களும் வந்து சாட்சியம் கூறும் வழி திறந்தது. உழவன் தன் வயலுக்குக் கால்வாய் வெட்டிக்கொள்வதுபோல, விவாதத்திற்கு இடையறாது பொருள் பாயும் வழியை அச்சபை தனக்கென வெட்டிக்கொண்டது.

எதிர்க்கட்சியின் பேச்சு உடனே பலிக்காவிடினும் வீணாவதில்லை என்பதற்கும் மர்பியின் வாழ்வில் சான்று உண்டு. கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து மரண தண்டனையை நீக்கும் மசோதாவை அவர் எதிர்க்கட்சியில் இருக்கும்போதே கொண்டுவந்தார். செனட் சபை அதனை ஏற்றும், கீழ்ச்சபையில் அது முடங்கிற்று. ஆட்சி மாறிய பின், 1973ஆம் ஆண்டில்தான் அக்கருத்து சட்டமாயிற்று. அன்று அவை கேட்ட வாதங்கள் பின்னாளில் நாடு ஏற்ற நியாயங்களாயின.

இனி, ஆராய்ச்சியாளர்கள் தயங்காமல் எதிர்கொள்ள வேண்டிய ஒரு பகுதிக்கு வருகிறேன். நிதி மசோதாக்களையும் மறுக்கும் அதிகாரம் செனட்டுக்கு உண்டு என்று 1970இல் மர்பியே வாதித்தவர். 1975ஆம் ஆண்டு அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாகிச் சபையை விட்டு நீங்கிய பின்னர், அதே அதிகாரத்தை மறுதரப்பினர் கையாண்டு நிதி ஒதுக்கீட்டை நிறுத்திவைத்தனர். நவம்பர் 11ஆம் நாள் பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி அரசாங்கம் பதவியிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்க்கட்சி தன் வசதிக்காக வலுப்படுத்தும் அதிகாரம் ஒருநாள் தன்மீதே திரும்பும் என்பதற்கு இதனினும் கடுமையான படிப்பினை இருக்க முடியாது. ஆனால் இந்த நியாயமான கண்டனம் மர்பியின் பணி முழுவதையும் தழுவுவதன்று என்பது என் துணிபு. நிதியை மறுப்பது அரசாங்கத்தின் உயிரைப் பற்றிய அதிகாரம். அது கட்சிகளின் பலத்தைப் பொறுத்தது, நெருக்கடியில் முடிவது. வினவுவதும், ஆவணம் கோருவதும், விதிகளைச் சோதிப்பதும் அரசாங்கத்தின் ஒழுக்கத்தைப் பற்றிய அதிகாரம். அது எந்தக் கட்சி ஆண்டாலும் வேண்டப்படுவது. 1970இல் பிறந்த குழுமுறை, 1975இன் புயலுக்குப் பின்னரும் நிலைத்தது. அக்குழுமுறையால் முன்பு துன்புற்ற ஆளுங்கட்சியே எதிர்க்கட்சி வரிசைக்கு வந்தபோது அதனைப் போற்றிக் கையாண்டது. ஆளுங்கட்சியான தொழிற்கட்சியும் 1972க்குப் பின் அக்குழுக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது. தான் ஆளும்போது தன்னையும் கட்டுப்படுத்தும் உரிமையை எதிர்க்கட்சியில் இருக்கும்போதே நிலைநாட்டுவதைக் காட்டிலும் நேர்மையான எதிர்ப்பு எது?

வெஸ்ட்மின்ஸ்டர் மரபிலிருந்து கிளைத்த அவைகளையே நாமும் பெற்றிருக்கிறோம் ஆதலின், இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் பணியை மதிப்பிடுகையில், அவர் எத்தனை முறை பேசினார் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவர் கேட்ட வினாவுக்கு விடை வந்ததா, வந்த விடை மெய்யென நிறுவப்பட்டதா, அவருக்குப் பின் அவையில் அமர்ந்தவர் அதே வினாவை எளிதாகக் கேட்கும்படி ஏதேனும் மரபோ விதியோ எஞ்சிற்றா என்று ஆராயுங்கள். நடவடிக்கைக் குறிப்பேடுகளில் வாக்கெடுப்புப் பக்கங்களையும், சபையின் முன் வைக்கப்பட்ட ஆவணப் பட்டியல்களையும், குழுக்களின் அறிக்கைகளையும் சொற்பொழிவுகளுக்கு இணையாக மதித்துப் படியுங்கள். ஜனநாயகத்தில் எதிர்க்கட்சி, ஆட்சிக்காகக் காத்திருக்கும் கூட்டமாக மட்டும் இருந்தால் நாட்டுக்கு நஷ்டம். ஆளுவோர் எவராயினும் மக்களுக்குக் கணக்குச் சொல்லும்படி செய்யும் நிறுவனமாக அது அமைந்தால், தோற்ற கட்சிக்கு வாக்களித்தோருடைய வாக்கும் அவைக்குள் வேலை செய்கிறது என்று நாம் உறுதியாகச் சொல்லலாம்.

அந்த உறுதியை ஆராய்ந்து வலுப்படுத்தும் பணியை உங்களிடம் ஒப்படைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.