பரி என்னும் விரைநடை



'பரி' என்றவுடன் இன்று எவர் நினைவிற்கும் வருவது குதிரையே. நரி பரியாக்கிய படலமும் பரிமேலழகர் என்னும் பெயரும் அப்பொருளை நெஞ்சில் ஊன்றிவிட்டன. ஆயின் சங்கப் பாடல்கள் பலவற்றில் இச்சொல் விலங்கைக் குறிக்கவில்லை. அதன் விரைந்த செலவையே குறிக்கின்றது. 'கடும்பரிப் புரவி' என்னும் தொடர் ஒன்றே இதற்குப் போதிய சான்று. புரவி என்பதே குதிரைதான். பரியும் குதிரையாயின், 'கடுங்குதிரைக் குதிரை' என்று புலவர் பாடியதாக முடியும்! அத்தொடரிலுள்ள 'கடு' என்னும் அடையும் கொடுமையைச் சுட்டுவதன்று, விரைவைச் சுட்டுவது. 'கடுகிச் சென்றான்' என்னும் வழக்கில் அப்பொருள் இன்னும் உயிரோடுள்ளது.

செலவைக் குறித்த சொல் செல்வதற்கே பெயராவது தொழிலாகுபெயர். 'பரிமா' என்னும் கூட்டுச்சொல் இம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுவதாகக் கொள்ளலாம். விரைந்து செல்லும் விலங்கு என்பது அதன் பொருள். 'மா' நீங்கப் 'பரி' மட்டும் எஞ்சிற்று.

குதிரைக்கு மட்டும் உரியதா இச்சொல்? அன்று. மருதன் இளநாகனார் பாடிய நற்றிணை 21ஆம் பாடலில், தேருடன் வந்த ஏவல் இளையர் விரைந்த பரியால் வருந்தினர் எனத் தலைவன் கூறுகின்றான். அவர்கள் அரைக்கச்சையைத் தளர்த்தி இளைப்பாறி, தாம் விரும்பியவாறு நடந்து மெல்ல வரட்டும். நீ தேரை விரைந்து செலுத்துக எனப் பாகனைப் பணிக்கின்றான். இங்கே விரைந்து வந்ததற்குப் 'பரி' என்றும், மெல்ல வருதற்கு 'நடை' என்றும் புலவர் சொல்லைப் பகுத்து ஆண்டிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரே கால்கள்தாம், செலவு வேறாகும்போது சொல்லும் வேறாகின்றது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு குறுந்தொகை 44ஆம் பாடலை அணுகுதல் வேண்டும். பாடியவர் வெள்ளிவீதியார். மகள் தன் காதலனுடன் உடன்போக்கில் சென்றுவிட்டாள். சுரத்திடை அவளைத் தேடி அலைந்த செவிலித்தாய் செயலற்று நின்று புலம்புகின்றாள். அவள் கால்கள் பரியை இழந்தன. பார்த்துப் பார்த்துக் கண்கள் 'வாள்' இழந்தன. விண்மீன்களினும் மிகுதியாக இவ்வுலகில் மாந்தர் உள்ளனர். அவள் தேடும் இருவரை மட்டும் காணோம்.

பழஞ்சொற்பொருள் அறியாது இப்பாடலைப் படிக்கும் இளைஞனுக்குத் தாயின் காலில் குதிரையும் கண்ணில் போர்வாளும் தோன்றினால் வியப்பில்லை. வாள் என்பதற்கு ஒளி என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் தெளிவாகவே தருகின்றது. ஆதலின் கண்ணைப் பற்றிய பகுதிக்கு இடர்ப்பாடில்லை. காலைப் பற்றிய பகுதிக்கோ 'நடை தப்பின', 'நடை ஓய்ந்தன' என உரை கூறுவது வழக்கம். பிழையான உரையன்று; ஆயினும் தளர்ந்த உரை. நடை என்பது மெல்லச் செல்வார்க்கும் உரியது. பரி என்றமையால், அவள் மெல்ல நடந்து தேடியவள் அல்லள், வீட்டினின்று விரைந்தோடி வந்தவள் என்பது பெறப்படும். ஓய்ந்தது அவ்விரைவு. அகப்பாடல்களில் தலைவனுடைய குதிரைகளின் பரி அவனைத் தலைவியிடம் சேர்க்கும். செவிலிக்கோ தேருமில்லை, பாகனுமில்லை. இரண்டு கால்களே உள்ளன.

பரிதல் என்பதற்கு இரங்குதல், வருந்துதல் என்னும் பொருள்களும் உண்டு. பரிவு அதன்வழி வந்தது. செவிலியின் பரியையும் பரிவையும் ஒன்றாக்கி நயம் கூறத் தோன்றும். கேட்பதற்கு இனிதாயினும் அந்த ஆசையை அடக்குதலே நன்று. கால்களைப் பற்றிய கூற்றில் செலவே பொருள். துயரத்தைப் பாடல் முழுதுமே சுமந்து நிற்கின்றது. பரிபூரணம், பரிசுத்தம் முதலியவற்றின் முன்னொட்டு வடமொழியினது. அதனை இதனோடு சேர்த்தல் சிறிதும் பொருந்தாது.

நடையைக் குறிக்கும் 'பரி' பேச்சு வழக்கில் இன்றில்லை. ஆனால் அப்பொருளுக்கு நிகரான தொடர் ஒன்று மக்கள் நாவில் உள்ளது: 'ஓட்டமும் நடையுமாக'. முழு ஓட்டமும் அன்று, வெறும் நடையும் அன்று. பதைப்புடன் செல்வோரின் செலவு அது. 'ஓட்டமும் நடையுமாக வந்த என் கால்கள் ஓய்ந்தன' என்று உரை கூறினால், முதலாண்டு பயிலும் மாணவிக்கும் அச்செவிலி எவ்வாறு வந்தாள் என்பது உடனே விளங்கும்.