நிறம் மாறும் தும்பிக்கு ஒரு பெயர்



ஜொகூரின் குளக்கரைகளில் பறக்கும் குரோக்கோதெமிஸ் செர்விலியா என்னும் தும்பியின் ஆண், இளமையில் மஞ்சள், முதிர்ந்தால் செஞ்சிவப்பு. ஓமோகுரோம் என்னும் நிறமி ஒடுக்க வினைக்கு உட்படுவதே காரணம் என 2012இல் சப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். பெண்ணோ பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்துவிடும். அக்ரியோக்னெமிஸ் ஃபெமினா என்னும் ஊசித்தட்டானில் பெண்ணும் மாறும்: இளமையில் சிவப்பு, பின்னர்ப் பச்சை.

நிறத்தை நம்பிப் பெயரிட்டால் ஓருயிர் ஈருயிராகிவிடும். 'மரம்' என்பது வேற்றுமையேற்று 'மரத்து' என நின்றால், அதை வேறு சொல்லாக நாம் அகராதியில் ஏற்றுவதில்லையே!

மேலிருந்து எடுத்த படம் போதாது. வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் கீழ்ப்புடைப்பு ஆணைக் காட்டும். அதற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும். நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அதே குளத்துக்கு அடுத்த வாரமும் செல்லுங்கள்.