பாட்டுக்குத் துணை வரும் வில்



கர்நாடக இசைக் கச்சேரி முடிந்து சபாவை விட்டு வெளியே வரும்போது, பேச்செல்லாம் பாடியவரைப் பற்றித்தான் இருக்கும். தோடி எப்படி அமைந்தது, காம்போதியில் தார ஸ்தாயியில் எப்படி நின்றார், பல்லவிக்கு என்ன தாளம் எடுத்தார் என்று பேசிக்கொண்டே வீடு வந்து சேருவோம். பத்திரிகை விமர்சனத்திலும் கடைசிப் பத்தியில் "வயலின் அனுசரணையாக இருந்தது" என்று ஒரு வரி வரும். அதோடு பக்கவாத்தியத்தின் கதை முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பெரிய வித்தை அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பாட்டுக்கு வயலின் வாசிப்பது, தனிக் கச்சேரி வாசிப்பதைவிடக் கடினமான கலை. இது என்னுடைய உறுதியான எண்ணம்.

மேலைநாட்டுச் செவ்வியல் இசையிலும் சிலர் சேர்ந்து வாசிக்கும் மரபு உண்டு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வர் அமர்ந்து வாசிப்பது அவற்றில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. லண்டன் விக்மோர் ஹாலில் 1948 ஜனவரியில் அமேடியஸ் என்ற பெயரோடு மேடையேறிய நால்வர், வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லோஃப் 1987இல் காலமாகும்வரை ஆள் மாறாமல் வாசித்தார்கள். அவர் போனதும் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒன்றாக ஒத்திகை பார்த்து, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசித்த வாசிப்பு அது. அவர்கள் முன்னால் பீத்தோவனோ மொஸார்ட்டோ எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பும் இருந்தது.

நம் கச்சேரியில் நிலைமை வேறு. பாடகரும் வயலின்காரரும் மேடையில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்பதுகூட உண்டு. ஒத்திகை பெரும்பாலும் கிடையாது. அடுத்து வரப்போவது சங்கராபரணமா கரகரப்ரியாவா என்பது, பாடகர் வாயைத் திறக்கும்வரை வயலின்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் என்ன பயன்? ஆலாபனையில் அடுத்து வரும் பிடி பாடுகிறவருக்கே அந்த நொடியில்தான் தோன்றுகிறது. அதைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, விரலுக்கும் வில்லுக்கும் அனுப்ப வயலின்காரருக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான அவகாசம்.

இந்தக் கருவி நம்மிடம் வந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் வாசிப்பைக் கேட்டு, முறையாகக் கற்று, வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடரும் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் ஒருவருமான வடிவேலு, இந்தக் கருவியைத் திருவிதாங்கூர் அரசவைக்கு எடுத்துச் சென்றார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வயலின் நம்மிடம் வந்ததும் உட்காரும் முறையே மாறிவிட்டது. மேலைநாட்டார் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ தாடையில் அழுத்திப் பிடிக்கிறார்கள். நம்மவர்கள் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் கால் கணுவில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாமல் போயிற்று. விரல் தந்தி மேல் தடையில்லாமல் ஏறி இறங்கத் தொடங்கியது. கமகம் இல்லாமல் நமக்கு ராகம் இல்லை. அந்தக் கமகத்துக்கு வழி திறந்தது இந்த மாற்றம்தான். சுருதி கூட்டும் முறையையும் மாற்றி, நான்கு தந்திகளையும் ஸ ப ஸ ப என்று அமைத்துக்கொண்டார்கள். மனிதக் குரலின் வளைவு நெளிவு அனைத்தையும் எட்டக்கூடிய வாத்தியமாக அது ஆயிற்று. குரலுக்குத் துணையாக நிலைத்ததற்கும் காரணம் இதுவே.

இனி மேடைக்கு வருவோம். வயலின்காரர் முதலில் பாடகரின் கட்டைக்குத் தன் கருவியைக் கொண்டுவர வேண்டும். இன்று ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு வாசித்தவர், நாளை 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு வாசிப்பார். தந்தியின் இறுக்கம் மாறும், வில்லுக்கு வேண்டிய அழுத்தம் மாறும், எந்த ஸ்வரம் எந்தத் தந்தியில் நன்றாகப் பேசும் என்பதும் மாறும். தனக்குப் பிடித்த சுருதியை வைத்துக்கொள்ளும் உரிமை தனிக் கச்சேரி வாசிப்பவருக்கு உண்டு. பக்கவாத்தியக்காரருக்கு அது இல்லை.

ஆலாபனை தொடங்குகிறது. பாடகர் கல்யாணியை எடுத்து, காந்தாரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலின் அந்தக் காந்தாரத்தை அடங்கிய நாதத்தில் பிடித்துக்கொள்கிறது. பாடகர் ஒரு நீண்ட பிருகாவை உதிர்க்கிறார். அதை முழுக்க அப்படியே வாசிக்க முயன்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். தேர்ந்தவர் முன்பாதியை விட்டுவிட்டு, பிடியின் வால் பகுதியை மட்டும் வாசித்து, பாடகர் வந்து நிற்கும் ஸ்வரத்தில் தானும் வந்து சேர்ந்துகொள்வார். பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் அந்த ஸ்வரம் அறுந்துபோகாமல் வில் தாங்கி நிற்கும். குரல் சற்றுக் கம்மினால் நாதத்தை ஒரு பிடி கூட்டுவார், சரியானதும் குறைத்துக்கொள்வார். பாடகர் இன்னும் தார ஷட்ஜத்தைத் தொடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது, வயலின் முந்திக்கொண்டு அதைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால், பாடகர் பத்து நிமிடமாகக் கட்டிவந்த எதிர்பார்ப்பு ஒரே வில்வீச்சில் கலைந்துபோகும்.

பிறகு வயலினின் முறை வருகிறது. இதுவரை பின்னால் வந்தவர் இப்போது தனி வித்வானாக மாற வேண்டும். பாடியதையே திருப்பி வாசித்தால் கேட்பவருக்குச் சலிப்பு. பாடியதற்குச் சம்பந்தமே இல்லாமல் வாசித்தால் கச்சேரியின் தொடர்ச்சி கெடும். பாடகர் அரை மணி விரித்த ராகத்தை அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். பாடகர் தொடாத ஒரு மூலையையும் அதில் காட்ட வேண்டும். அரங்கம் கைதட்டிய மறுகணம் மீண்டும் துணையாக அடங்க வேண்டும். ஒரே மாலையில் எத்தனையோ முறை இப்படித் தனி வித்வானாகவும் துணையாகவும் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்தக் கலையின் கடினமும் அழகும்.

கல்பனாஸ்வரத்தில் கணக்கும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்காக 32 மாத்திரை. பாடகர் அரை ஆவர்த்தனத்துக்கு ஒரு சிறிய முத்தாய்ப்பு வைக்கிறார்: 4 மாத்திரை ஸ்வரம், 2 மாத்திரை இடைவெளி, மறுபடி 4, மறுபடி 2, கடைசியாக 4. மொத்தம் 16. இது மிக எளிய கணக்கு. கேட்டவுடன் திருப்பிச் சொல்லிவிடலாம். கச்சேரியின் மையமான உருப்படியில் வருவது இப்படி இருக்காது. பல ஆவர்த்தனங்களுக்கு நீண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்வரம் குறைந்தோ கூடியோ வந்து, எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை இடம் தள்ளி விழும். அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, ராகம் சிதையாமல், தாளம் பிசகாமல், அதே நொடியில் திருப்பி வாசிக்க வேண்டும். குறைப்பு வந்துவிட்டாலோ இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். அங்கே யோசிக்க நேரமே கிடையாது. கேட்பதும் வாசிப்பதும் ஒன்றாகிவிடுகின்றன.

பாடகருக்குப் பாடகர் இந்த வேலை வேறுபடும். ஜி.என். பாலசுப்ரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களுக்கு வேண்டியது விரலின் துரிதம். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயரின் அழுத்தமான கமகங்களுக்கு வேண்டியது பொறுமை. மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்களில் கணக்கைக் காட்டினால் ரசம் போய்விடும். அந்த ஓட்டத்தோடு சேர்ந்து நீந்த வேண்டும். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிக்கோ கணக்கிலேயே ஊறியிருக்க வேண்டும். இவர்கள் அனைவருக்கும் வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தன் வில்லை மாற்றிக்கொண்டவர் லால்குடி ஜெயராமன். பாட்டின் சொற்கள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பதுகூட அவர் வில்லில் கேட்கும். டி.என். கிருஷ்ணனின் வாசிப்பில் நாதத்தின் தூய்மை முதலில் நிற்கும். பரூர் பாணியில் வந்த எம்.எஸ். கோபாலகிருஷ்ணனிடம் வில்லின் வீச்சும் விரலின் வேகமும் வியக்கவைக்கும். மூவரும் தனி வித்வான்களாக உலகெங்கும் புகழ்பெற்றவர்கள். அவர்களைச் செதுக்கியது இளமையிலிருந்து பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த அனுபவம்தான் என்பது என் கருத்து.

அவர்களுக்கு முந்திய தலைமுறையையும் மறந்துவிடக் கூடாது. மைக் பரவாத காலத்தில், அரங்கின் கடைசி வரிசைக்கும் வயலின் கேட்க வேண்டும் என்பதற்காக மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டார். அவர் நினைவாக பெங்களூரில் வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் நிற்கிறது. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையின் வழி வேறு. இனிமையும் அடக்கமும்தான் அவர் பலம். பாடகரை மீறி ஓர் அடி எடுத்துவைக்காமலே கச்சேரியை உயர்த்தியவர். 1948இல் அவருக்கு சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. சௌடய்யாவுக்கு 1957இல் கிடைத்தது. மிருதங்கத்துக்கு அந்த விருது வர 1966 ஆயிற்று. பாலக்காடு மணி ஐயர்தான் அதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான். பெண் வயலின் கலைஞருக்கு அது கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.எல். வசந்தகுமாரிக்கு நெடுங்காலம் வாசித்த ஏ. கன்யாகுமரி அதைப் பெற்றார்.

இந்த ஆண்டுகளை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. மேடையின் நடுவில் இருப்பவருக்கு ஒரு தட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு இன்னொரு தட்டு என்று நாம் வெகுகாலமாகவே நிறுத்துவந்திருக்கிறோம். பெண்ணுக்கு நாங்கள் வாசிப்பதில்லை என்ற ஆண் வித்வான்களும் இருந்தார்கள். பெண் வாசித்தால் நாங்கள் பாடுவதில்லை என்ற பாடகர்களும் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயரே பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்துவிட்டு, பிறகு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்த கச்சேரிகளைக் கேட்டவர்கள், எவ்வளவு காலம் வீணாகப் போயிற்று என்று வருந்தத்தான் செய்வார்கள்.

மிருதங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தைக் கவனிக்காதவர் இல்லை. அதன் உண்மையான மேன்மை கீர்த்தனைக்கு வாசிக்கும்போதுதான் தெரியும். பல்லவியில் மெல்லத் தொடங்கி, அனுபல்லவியில் பாட்டு மேலே ஏறும்போது கூட ஏறி, சொல்லுக்கு இடம் விட்டு, சங்கதி முடியும் இடத்தில் ஒரு சிறிய அழுத்தம் தந்து வாசிப்பவர் அரிது. பாட்டு உருக்கமாக நிற்கும்போது கையை எடுத்துவிடுவது, அடித்துக் காட்டுவதைவிடப் பெரிய வித்வத்து.

இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள, கேட்கும் நமக்கு வானொலியைப் போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. பக்கவாத்தியக்காரர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் கச்சேரியை ஒலிபரப்பி வருகிறார்கள். நிலைய ஒலிப்பதிவில் கைதட்டல் இல்லை, அரங்கின் இரைச்சல் இல்லை, மேடை ஒலிபெருக்கியின் அலறல் இல்லை. வில் தந்தியைத் தொடும் தருணம்கூடக் காதில் விழும். இன்றைய சபாக்கள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் சத்தம் வயலினுக்கும் குரலுக்கும் இடையே உள்ள அந்த நுட்பமான அளவையே அழித்துவிடுகிறது. பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரியை வற்புறுத்தினார். அவர் சொன்னதில் இருந்த நியாயம் இன்றைக்கும் பொருந்தும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த பாடகரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வழக்கம்போலக் கேளுங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு வயலினை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். எங்கே வாசிக்கிறார், எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். அதே பாட்டு உங்களுக்குப் புதிதாகத் தெரியும். விமர்சகர்களுக்கும் ஒன்று சொல்வேன்: "அனுசரணையாக இருந்தது" என்ற வரியை இனி எழுதாதீர்கள், என்ன வாசித்தார் என்று எழுதுங்கள். சபா நடத்துபவர்கள் அழைப்பிதழில் பெயரை ஒரே அளவு எழுத்தில் அச்சிடட்டும், சன்மானத்தில் உள்ள பெரிய இடைவெளியையும் குறைக்கட்டும். நல்ல பக்கவாத்தியம் அமையாமல், எவ்வளவு பெரிய வித்வானுக்கும் கச்சேரி சிறந்ததில்லை. அந்தப் பெருமையில் பாதி, பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவருக்கு உரியது. அதை நாம் மனமாரக் கொடுத்தே ஆகவேண்டும்.