பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

(பிளஸ் 2 மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் பிள்ளை ஒருவருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புக்காகக் கட்டணம் கொடுத்தோம். ஓராண்டில் சான்றிதழ் வந்தது. வேலை கேட்டுப் போன இடங்களில், "இது எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்வியை முதலில் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் தவறு. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றே இன்று பேசுகிறோம்.

இது வெறுமனே பொத்தானை அழுத்தும் வேலையல்ல. நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, தேவையான அளவு கதிர்வீச்சை மட்டும் செலுத்தி, மருத்துவர் நம்பிப் பார்க்கும் படத்தைத் தர வேண்டும். படம் பிசகினால் மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கதிர்வீச்சும் நோயாளியின் உடம்பில்தான் ஏறும்.

முறையான வழி இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிறகு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கலாம், மருத்துவமனைப் பயிற்சியுடன் நான்கு ஆண்டுகள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டாண்டு டிப்ளமோவும் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்கான சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

"பிள்ளைக்குக் கதிர்வீச்சால் கேடு வராதா?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பணியாளர் நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சே இல்லை. ஆனால், பட்டை தராத இடத்தில் வேலைக்குச் சேர வேண்டாம்.

மார்பகப் பரிசோதனைக்குப் போன நம் பெண்கள், படமெடுக்க ஆண் நிற்பதைக் கண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். நோய் முற்றிய பிறகு அழுகிறோம். அந்த அறையில் நம் மகள் ஒருத்தி நின்றால் எத்தனை உயிருக்கு உதவி!

ஆகவே, எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் விவரத்தாளை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கீகாரத்தைச் சேர்ந்தே சரிபார்ப்போம். இனி அதைப் பார்க்காமல் நாங்களும் உதவித்தொகை தர மாட்டோம்.