அரங்கம் நிறைந்தால் ரோபோ ஏன் நிற்கிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



ராயப்பன்பட்டிக்காரன் கையில் மைக் கொடுத்தால் திராட்சையில்தான் ஆரம்பிப்பான். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு இந்தப் பக்கம் வீட்டு ரவுட்டர், அந்தப் பக்கம் மோட்டார் ரூமில் ஒரு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கவாத்து முடிந்த கையோடு படம் தெளிவாக வரும். தழை அடைத்து, மழையும் பெய்துவிட்டால் படம் திக்கும். வை-ஃபை அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே!

இதை எதுக்குச் சொல்றேன்னா, காலையில் ரோபோ குழுத் தம்பிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, லேப்ல அருமையா ஓடுது. போட்டிக்குப் போனா நின்னுடுது. நல்ல ரவுட்டர் ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள். கம்பெனி பெயரைச் சொல்லி முடிக்கிற விஷயமா இது? 2002-இல் தொடங்கிய ஏபியு ரோபோகான் போட்டி நம் நாட்டில் 2008-லும் 2014-லும் புனேயிலும், 2022-இல் டெல்லியிலும் நடந்தது. டெல்லியில் கொடுத்த விளையாட்டு லகோரி, அதாவது நம்ம ஏழு கல். இப்படிப்பட்ட போட்டிகளில் ஒரு வருடத்து உழைப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதில் அரை நிமிடம் ரோபோ மரம் மாதிரி நின்றால் கதை முடிந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-இல் இந்திய அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. நல்ல காரியம். ஆனால் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி இங்கே யாரும் முறை வைப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பயன்படுத்தக் கூடிய சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. வந்தவர்கள் சட்டைப்பையில் இருக்கிற ஃபோன் எல்லாம் அதற்குள்ளேதான் முட்டிக்கொள்ளும். 2010-இல் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸே ஐஃபோன் 4 அறிமுக மேடையில் இதில் மாட்டிக்கொண்டார். அரங்கில் 570 வை-ஃபை நிலையங்கள் ஓடுகின்றன, தயவுசெய்து அணையுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 2012-இல் நடந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபர்ஸ்ட் அமைப்பின் இறுதிப் போட்டி. மொத்தம் 12 ரோபோக்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருந்தது. பிறகு விசாரித்தார்கள். ஒருவர் தன் கைபேசியிலிருந்து ரோபோக்களின் நெட்வொர்க்கில் சேர வேண்டுமென்றே முயன்றிருக்கிறார். அந்த முயற்சி தோற்றாலும் ரோபோவின் இணைப்பு அறுந்துவிடும்படி ஓர் ஓட்டை அந்த அமைப்பில் இருந்தது. இதுவரை கேட்டால் 'பார்த்தீங்களா, வெளியாள் வேலை' என்று தோன்றும். ஆனால் அதே அறிக்கை, சில ரோபோக்கள் நின்றதற்கு அவற்றுக்குள்ளேயே கோளாறு இருந்ததையும் சொன்னது. எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம்.

ஏனென்றால் 'சிக்னல் போச்சு' என்று நாம் சொல்வதில் பல நேரம் சிக்னல் போயிருக்காது; கரண்ட் போயிருக்கும். நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் ஒரு நொடி சரியும். மோட்டார் தாங்கிக்கொள்ளும், ரவுட்டர் தாங்காது. அது அணைந்து மறுபடி கிளம்ப ஒரு நிமிடம்கூட ஆகலாம். வெளியிலிருந்து பார்த்தால் வை-ஃபை துண்டித்த மாதிரியே இருக்கும். ஆகவே ரேடியோவுக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். ரோபோவைக் கையால் குலுக்கிப் பாருங்கள். பிளக் ஆடினால் பசை வைத்து ஒட்டுங்கள். ஆன்டெனாவை அலுமினியப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு அலையைத் திட்டாதீர்கள்!

அதற்குப் பிறகு அலைக்கு வாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 2018-இல் நமக்கு இன்னும் அதிக இடம் திறந்துவிட்டார்கள். தூரம் கொஞ்சம் குறையும்; ஒரு ஹாலுக்குப் போதும். ஜிக்பீ வைத்திருப்பவர்கள் 26-ஆம் சேனலைப் பாருங்கள். அது வை-ஃபை 11-ஆம் சேனலையும் தாண்டி ஓரத்தில் கிடக்கிறது. கேமரா படத்தையும் ஓட்டும் கட்டளையையும் ஒரே குழாயில் அனுப்பாதீர்கள். கட்டளைக்குப் பத்துப் பதினைந்து பைட் போதும். டிசிபி முறையில் அனுப்பினால், தொலைந்த பழைய கட்டளை வந்து சேரும்வரை புதியது வாசலில் காத்து நிற்கும். ஓடுகிற வண்டிக்கு நேற்றைய கட்டளை எதற்கு? யுடிபி-யில் வரிசை எண் போட்டு, நொடிக்கு 50 தடவை அனுப்புங்கள். பழையது வந்தால் தூக்கி எறியச் சொல்லுங்கள். கால் நொடிக்கு ஒன்றுமே வரவில்லையா? மோட்டார் தானாக நிற்க வேண்டும். இணைப்பு திரும்பியதும், யாரும் பட்டனைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வதைவிட, அறுந்தால் ரோபோ என்ன செய்யும் என்று எழுதி வைப்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

கடைசியாக முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலி லேபில் எத்தனை நாள் ஓட்டினாலும் போட்டி அரங்கம் எப்படியிருக்கும் என்று தெரியாது. இன்று இந்த ஹால் நிறைந்திருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் தம்பிகள் ரோபோவை இங்கே கொண்டு வருவார்கள். எல்லோரும் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து கொடுங்கள்.