பித்தமும் பிஞ்சு இதயமும்

டாக்டர் நண்பர்களே, பித்தம் தலைக்கேறும்னு சொல்வோம். அது கருவின் இதயத்துக்கும் போகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிலருக்குக் கல்லீரலில் பித்தநீர் தேங்கி, பித்த அமிலம் ரத்தத்தில் கூடுகிறது. நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் சேர்கிறது.

2001-இல் லண்டன் ஆய்வாளர்கள் எலிக்குஞ்சின் இதயச் செல்களில் டாரோகோலேட் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றாகத் துடித்த செல்கள் வேகம் குறைந்து, ஆளுக்கொரு தாளம் போட்டன. (நம்ம ஹாஸ்டல் பஜனை மாதிரி!)

தாயின் ரத்தத்தில் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் தாண்டினால், குழந்தை வயிற்றிலேயே இறப்பது சுமார் 3.4 சதவீதம் என்கிறது 2019-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு. 40-க்குக் கீழே 0.13 தான். அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் செல்களைக் காத்தது. ஆனால் அதே ஆண்டு வெளியான இங்கிலாந்துச் சோதனையில் குழந்தைகளுக்குப் பெரிய பலன் தெரியவில்லை.

ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குதுன்னு கர்ப்பிணி சொன்னா, 'சூடும்மா'ன்னு களிம்பு குடுத்து அனுப்பிடாதீங்க. பித்த அமிலம் பாருங்க. சரியா இருந்தும் அரிப்பு நிக்கலேன்னா மறுபடி பாருங்க.