வெடிக்கு அஞ்சும் வீமன்



எங்கள் வீட்டு நாயின் பெயர் வீமன். பாம்பைக் கண்டும் பின்வாங்காதவன். ஆயினும், தீபாவளிக்கு முதல்நாள் மாலை முதற் சீனவெடி கேட்டதும், உடல் நடுங்கி, எச்சில் ஒழுகக் கட்டிலின் கீழ் ஒடுங்கிவிடுவான்.

சில ஆண்டுகளுக்கு முன், இதனைப் பிடிவாதமென எண்ணி அதட்டினேன். முற்றத்து மாமரத்திற் சங்கிலியாற் பிணைத்தேன். வகுப்பறைப் பழக்கம், வேறென்ன! நள்ளிரவிற் கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். மூன்றாம் நாள், இரண்டு கட்டை தொலைவில், ஒரு மதகின் அடியிற் கண்டோம். பின்னங்கால் முறிந்திருந்தது. இன்றும் நொண்டியே நடக்கின்றான்.

மனிதச் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை உணரும். நாயின் செவியோ 45,000 வரை. மேலும், வெடி ஏன் வெடிக்கின்றது, எப்பொழுது ஓயும் என்பதை நாம் அறிவோம். அவன் அறியான்.

இப்பொழுதெல்லாம் பண்டிகைக் காலத்திற் பொழுது சாயுமுன்னரே உலாவ அழைத்துச் சென்று, உணவூட்டி, உள்ளறையின் சாளரங்களை அடைத்து, வானொலியை ஒலிக்கவிடுகின்றோம். நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளருமென்பர் சிலர். அது தவறு, பரிசு பெறுவதற்காக எவரும் அஞ்சுவதில்லை. அச்சம் மிகக் கடுமையாயின் மிருக வைத்தியர் முன்கூட்டியே மருந்து தருவார். மனிதருக்குரிய குளிசைகளை நாமாகக் கொடுத்தலாகாது.

கடந்த தீபாவளிக்கு முதல்நாள் இரவு வீமன் என் காலடியிற் கிடந்தான். நடுக்கம் முற்றாக நீங்கவில்லை. விடியுமுன் சற்று உறங்கினான்.